பொருள்: 'நோமினா சாக்ரா' – தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

தொடக்கக் கிறித்தவச் சுவடிகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே முட்டுகிற தொடர் 'நோமினா சாக்ரா'. லுட்விக் ட்ராவுபே என்ற ஜெர்மானியச் சுவடியியலர் 1907இல் நிலைபெறச் செய்த இலத்தீன் தொடர் இது. தமிழில் இதுவரை 'புனிதப் பெயர்கள்' என்று போட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது போதாது என்பது என் கட்சி.

பொருள் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிறித்தவர் படியெடுத்த கிரேக்கச் சுவடிகளில் சில சொற்களை முழுதாக எழுதமாட்டார்கள். முதல் எழுத்து, கடைசி எழுத்து, இரண்டுக்கும் மேலே ஒரு கிடைக்கோடு, அவ்வளவுதான். 'தேயோஸ்' (கடவுள்) நான்கு எழுத்துச் சொல். தீட்டாவும் சிக்மாவும் மட்டும் நிற்கும். 'கிரியோஸ்' (ஆண்டவர்) ஆறெழுத்து. கப்பாவும் சிக்மாவும் மிஞ்சும். வேற்றுமைக்கேற்பக் கடைசி எழுத்து மாறும்: 'கடவுளின்' என்றால் தீட்டா–உப்சிலான், 'கடவுளுக்கு' என்றால் தீட்டா–ஒமேகா, 'கடவுளை' என்றால் தீட்டா–நியூ. ஆகவே இலக்கணம் கெடாது. வாசிப்பவர் வேற்றுமையைத் தவறவிடமாட்டார்.

இப்படி எழுதப்பட்ட சொற்கள் மொத்தம் 15 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து என்ற நான்கும் மிகப் பழைய படிகளிலிருந்தே ஏறக்குறைய மாறாமல் வருகின்றன. ஆவி, மனிதன், சிலுவை மூன்றும் அடுத்த நிலை. தந்தை, மகன், மீட்பர், தாய், வானம், இஸ்ரயேல், தாவீது, எருசலேம் என்ற எட்டும் படிக்குப் படி வரும், வராது.

பட்டியலைப் பாருங்கள். 'வானம்' யாருடைய புனிதப் பெயர்? 'மனிதன்'? அதனால்தான் பழைய மொழிபெயர்ப்பு உறுத்துகிறது. வேறு சொல் வேண்டும்.

மடல் 2

> 'வானம்' யாருடைய புனிதப் பெயர்?

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது ஐயா. இலத்தீனில் 'நோமென்' என்றால் ஒருவரின் பெயரும் உண்டு, இலக்கணத்தில் வரும் பெயர்ச்சொல்லும் உண்டு. தமிழில் 'பெயர்' என்பதும் அப்படியே. முருகனும் பெயர்தான், மரமும் பெயர்தான். எனவே 'பெயர்' என்ற பாதியில் குற்றமில்லை. 'புனித' என்ற பாதியில்தான் சிக்கல். கத்தோலிக்கர் வழக்கில் அர்ச்சியசிஷ்டவர்களைப் 'புனிதர்' என்கிறோம். 'புனிதப் பெயர்' என்றதும் ஞானஸ்நானத்தில் வைக்கும் பெயர் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள்.

'பரிசுத்த நாமம்' என்றால் சீர்திருத்தச் சபைகளின் வாசனை வந்துவிடும். தவிரவும், 'நாமம்' என்ற சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் நெற்றியில் இடுவதும், ஏமாந்தவன் தலையில் போடுவதும் கூடவே வந்து நிற்கும்.

என் பரிந்துரை: கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்தே பெயரிடுவோம். மேலே கோடு இருக்கிறது. 'மேற்கோட்டுப் பெயர்'.

மடல் 3

மேற்கோட்டுப் பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்காது.

கிரேக்கத்தில் எண்களை எழுத்துகளாலேயே எழுதுவார்கள். எழுத்தா எண்ணா என்று பிரித்துக்காட்ட மேலே கோடு இழுப்பார்கள். அது போக, வரியின் கடைசியில் இடம் போதாவிட்டால் சொல்லின் இறுதி நியூவை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு கோட்டை இழுத்து முடிப்பார்கள். இலக்கியப் படிகளில் இது சகஜம். ஆக, மேற்கோடு இந்த வழக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. சொல்லப்போனால் கோடே எண்ணிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. லாரி ஹுர்ட்டாடோ என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் அதை விரிவாக வாதிட்டிருக்கிறார்: இயேசுவின் பெயரை முதலில் அயோட்டா–ஈட்டா என்று முதல் இரண்டு எழுத்தால் எழுதினார்கள், அயோட்டா 10, ஈட்டா 8, கூட்டினால் 18, எபிரேயத்தில் 'உயிர்' என்ற சொல்லின் எழுத்துமதிப்பும் 18, எண் என்று காட்டத்தான் கோடு, பிறகு அது மற்றப் பெயர்களுக்கும் பரவியது. பர்னபாவின் திருமுகம் என்ற தொடக்கக் கிறித்தவ நூலில் இந்தக் கணக்குக்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஆபிரகாமின் ஆட்கள் 318 பேர் அல்லவா, அதில் 18 இயேசு, 300 'டௌ' (T) என்ற எழுத்து, அதன் வடிவம் சிலுவை என்கிறது அது. அந்தத் திருமுகம் கி.பி. 70க்குப் பிந்தியது, 135 வாக்கில் முடிந்துவிட்டது.

வேறு கருத்துகளும் உண்டு. ட்ராவுபே, எபிரேயரின் நான்கெழுத்து இறைப்பெயரை உச்சரிக்காமல் தனிப்பட எழுதும் யூத வழக்கமே மூலம் என்றார். யூதரின் கிரேக்கச் சுருள்களில் அந்தப் பெயர் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம். பாப்பிரஸ் ஆய்வாளர் காலின் ராபர்ட்ஸ், கி.பி. 70க்கு முன்னரே எருசலேம் திருச்சபையில் தொடங்கியிருக்கலாம் என்றார். எது சரியென்று இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கோட்டைப் பெயராக்கினால் ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்ததாகிவிடும், அவ்வளவே.

என் யோசனை வேறு. சுருக்கும் முறையைக் கவனியுங்கள். உலகத்தில் பெரும்பாலான சுருக்கங்கள் சொல்லின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுவன. உரோமக் கல்வெட்டுகளில் 'இம்பெராத்தோர்' என்பது 'இம்ப்' ஆகும். நம்மிடம் கி.மு., தி.மு.க., சேசு சபையாருக்குப் போடும் சே.ச., பழைய கத்தோலிக்க நூல்களின் 'அர்ச்.' எல்லாம் அதே இனம். நோமினா சாக்ராவோ தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை எடுக்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்ட ஐரோப்பிய மொழிகளில் தனித்தனிச் சொல் இருக்கிறது. தமிழில் இரண்டையும் 'சுருக்கம்' என்றே தள்ளுகிறோம்.

நன்னூலார் நமக்காக எப்போதோ எழுதி வைத்துவிட்டார். முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை. ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை. நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் புரியும். ஆக 'திருப்பெயர் இடைக்குறை'.

மடல் 4

இடைக்குறை என்றதும் கைதட்டத் தோன்றியது. இரண்டு தடை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. நன்னூல் சொல்வது செய்யுள் விகாரம். அங்கே சொல் ஒலியிலேயே குறைகிறது. 'ஓதி' என்று எழுதினால் 'ஓதி' என்றே படிப்போம். இங்கே அப்படியில்லை. தீட்டா–சிக்மாவைக் கண்ட வாசகர் சபையில் 'தேயோஸ்' என்று முழுதாகத்தான் வாசித்தார். குறைவு எழுத்தில் மட்டும், ஒலியில் இல்லை. இதைச் சொல்லாமல் இடைக்குறை என்று எழுதினால், தமிழாசிரியர் ஒருவர் 'கிரேக்கர் தேஸ் என்று உச்சரித்தார்களாம்' என்று வகுப்பில் சொல்லிவிடுவார்.

இரண்டு. எல்லா வடிவங்களும் இடைக்குறை அல்ல. அயோட்டா–ஈட்டா கடைக்குறை. எகர்ட்டன் பாப்பிரஸிலும் (பாப்பிரஸ் என்பது நாணல்தாள் சுவடி), செஸ்டர் பீட்டி தொகுப்பில் உள்ள, புதிய ஏற்பாட்டுப் பாப்பிரஸ் வரிசையில் 45ஆம் எண் படியிலும் இந்த வடிவம்தான். 46ஆம் எண் படியில் அயோட்டா–ஈட்டா–சிக்மா என்று மூன்றெழுத்து. முதல் இரண்டு, கடைசி ஒன்று. கடைக்குறையும் இடைக்குறையும் கைகுலுக்கிக்கொண்ட மாதிரி. பொதுப்பெயருக்குள்ளேயே 'இடைக்குறை' என்று எழுதிவிட்டால் இவற்றை எங்கே வைப்பது?

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, தடை என்று சொல்லமாட்டேன், காது பற்றியது. 'திருப்பெயர்க்குறை' என்று யாராவது சுருக்கிவிட்டால் திருப்பெயரில் ஏதோ குறை என்று படும். அதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

மடல் 5

கலைச்சொல் எதுவாக இருந்தாலும், அதை வைத்து வேலை செய்பவர் மேசையில் அது தேறுமா என்று பார்க்க வேண்டும். எனவே, இந்தச் சொல் புழங்கும் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

ஒரு பாப்பிரஸ் துண்டு கையில் வருகிறது. நான்கு பக்கமும் கிழிந்தது. முதல் வேலை, மிஞ்சியிருக்கும் எழுத்தைப் படித்து எந்த நூலின் எந்தப் பகுதி என்று கண்டுபிடிப்பது. அடுத்து, வரிக்கு எத்தனை எழுத்து என்று கணக்கிடுவது. தெரிந்த பாடத்தை வரிவரியாகப் பரப்பினால் ஏறக்குறைய ஒரே நீளம் வர வேண்டும். பிறகுதான் சிதைந்த இடங்களை நிரப்புவது. இங்கேதான் இடிக்கும். 'இயேசுவை' என்பதற்குக் கிரேக்கத்தில் ஆறெழுத்து. இடைக்குறையாக எழுதியிருந்தால் இரண்டோ மூன்றோ. ஒரே வரியில் மூன்று நான்கு எழுத்து கூடும் அல்லது குறையும்.

மான்செஸ்டரில் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள 52ஆம் எண் பாப்பிரஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1935இல் ராபர்ட்ஸ் வெளியிட்டது. உயரம் 8.9 சென்டிமீட்டர், அகலம் 6. யோவான் 18ஆம் அதிகாரத்தின் சில வரிகள். இயேசுவின் பெயர் அந்தப் பகுதியில் இரண்டு இடத்தில் வர வேண்டும், 32ஆம் வசனத்திலும் 33ஆம் வசனத்திலும். இரண்டுமே கிழிந்துபோன பகுதியில் விழுந்துவிட்டன! இந்தப் படி எழுதியவர் பெயரைச் சுருக்கினாரா இல்லையா என்பதை எழுத்து எண்ணிக்கையை வைத்து மட்டுமே வாதாட முடிகிறது. இரு தரப்பும் உண்டு. வரிநீளம் அச்சில் கோத்ததுபோல் சமமாக இல்லாததால் இரண்டு மூன்று எழுத்து வேறுபாட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அடுத்து, யாருடைய துண்டு என்ற கேள்வி. கிரேக்கப் பழைய ஏற்பாட்டுத் துண்டு கிடைத்தால் யூதருடையதா கிறித்தவருடையதா? நோமினா சாக்ரா இருந்தால் பெரும்பாலும் கிறித்தவர் கை என்பது நடைமுறை விதி. ஆனால் விதி வழுக்குகிற இடமும் உண்டு. எகிப்தின் ஆக்சிரின்குஸில் கிடைத்த 1007ஆம் எண் தோல் ஏடு தொடக்கநூலின் (ஆதியாகமத்தின்) ஒரு பகுதி. அதில் 'தேயோஸ்' சுருங்கி நிற்கிறது, இறைப்பெயருக்கு எபிரேய 'யோத்' எழுத்து இரண்டும் குறுக்குக்கோட்டோடு நிற்கின்றன. எந்தக் கூடையில் போடுவது?

இன்னொன்று, தேதி. 325இல் நிக்கேயாவில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியது. அதற்கு நெடுங்காலம் முன்பே, எல்லோரையும் கட்டுப்படுத்தும் மேலிடம் எதுவும் இல்லாத காலத்தில், இந்த எழுத்துவழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். எகிப்தில் ஆக்சிரின்குஸ் குப்பைமேட்டில் கிரென்ஃபெலும் ஹண்ட்டும் 1897இல் எடுத்த இயேசுவின் பொன்மொழித் துண்டு; அது சுருள் அல்ல, பக்க எண் 11 இட்ட ஏடு, அதில் இயேசுவின் பெயர் அயோட்டா–சிக்மா. யூப்ரடீஸ் கரையில் தூரா-யூரோப்போஸ் நகரம் 256 வாக்கில் பாரசீகரிடம் வீழ்ந்தது; அங்கே மண்ணுக்குள் கிடைத்த துண்டிலும் (நற்செய்திகளை ஒன்றாக இணைத்துத் தொகுத்த நூலின் துண்டு) இந்த வழக்கம். இன்றைய இஸ்ரேலில் மெகிதோ சிறை வளாகத்தில் 2005இல் வெளிப்பட்ட தரைச்சித்திரத்தில், அக்கெப்தூஸ் என்ற பெண் 'கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு' மேசையை நினைவாகக் கொடுத்தார் என்ற வரி. கடவுள், இயேசு, கிறிஸ்து மூன்றும் சுருங்கி மேற்கோட்டோடு, கல்துண்டுகளில். நூல் படியெடுப்பவரின் கைப்பழக்கம் தரை பதிப்பவரின் கைக்கும் போயிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள ஒரு சாதாரணக் குடும்பக் கடிதம், 230களில் எழுதியது, 'ஆண்டவரில்' என்று சுருங்கிய வடிவத்தோடு முடிகிறது. இடம் மிச்சம் பிடிக்கும் உத்தி என்றால் கடிதத்தின் கடைசி வரியில் அதற்கு என்ன தேவை? தாராளமாக ஓரம் விட்டு எழுதிய படிகளிலும் இதே கதை. ஆகவே 'சுருக்கெழுத்து' என்று மட்டும் யாரும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். வேகத்துக்காக எழுதுவது சுருக்கெழுத்து, இது மரியாதைக்காக எழுதுவது.

கடைசியாக, கோளாறு. எழுத்து இரண்டாகிவிட்டால் ஒரு கீற்று பாடத்தையே புரட்டிவிடும். 1 தீமோத்தேயு 3:16. கிரேக்கத்தில் 'ஓஸ்' என்றால் 'அவர்' என்று பின்னோக்கிச் சுட்டும் சொல்: ஒமிக்ரான்–சிக்மா. வட்டத்துக்குள் ஒரு சிறு கோடு, மேலே ஒரு கோடு போட்டால் தீட்டா–சிக்மா, 'கடவுள்'. சீனாய் ஏடு என்ற பழைய கிரேக்க விவிலியப் படியில் முதல் கை எழுதியது ஒமிக்ரான்–சிக்மா. பிற்காலத்துக் கை ஒன்று மேலே இரண்டு எழுத்தைச் சேர்த்து 'கடவுள்' ஆக்கியிருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரிய ஏட்டில் இந்த வட்டத்துக்குள் கோடு தெரிகிறதா இல்லையா என்று பெரிய சண்டையே நடந்தது. வெட்ஸ்டைன் என்ற பாட ஆய்வாளர் உற்றுப் பார்த்து, அது தோலின் மறுபக்கத்து எப்சிலான் எழுத்தின் நடுக்கோடு ஊடுருவித் தெரிவது என்றார். தமிழில் இரண்டு பாடமும் இருக்கின்றன: பழைய மொழிபெயர்ப்பில் 'தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்', திருவிவிலியத்தில் அந்த இடத்தில் 'கடவுள்' என்ற சொல் இல்லை. இதே மாதிரி உரோமையர் 12:11இல் 'ஆண்டவருக்கு' என்பதன் சுருங்கிய வடிவம் கப்பா–ஒமேகா. சில படிகளில் 'காலத்துக்கு' என்று இருக்கிறது. அந்தக் 'கைரோ'வும் கப்பாவில் தொடங்கி ஒமேகாவில் முடிவதுதான்.

எனவே நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல. பொதுச்சொல் ஒன்று, உள்வகை இரண்டு, கோட்டுக்கு ஒன்று. ஆக நான்கு.

மடல் 6

மேலே ஐந்தாம் மடலுக்கு நன்றி. மாணவருக்கு விளக்கத் தமிழிலேயே ஒரு மாதிரி செய்து பார்த்தேன். கடவுள் என்பதை இந்த விதிப்படி எழுதினால் 'கள்'. கடவுளை என்றால் 'களை'. மேற்கோடு விட்டுப்போனால் முதலாவது பனையிலிருந்து இறங்கும், இரண்டாவது வயலில் முளைக்கும். தீமோத்தேயுவில் என்ன நடந்தது என்பது வகுப்புக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. 'கடவுளுக்கு' என்பதை அப்படிச் சுருக்கினால் 'ககு'. கடவுள் அங்கே காணாமலே போய்விடுகிறார். கிரேக்கத்தில் உருபு கடைசி ஓரெழுத்தில் அடங்கும். தமிழில் உருபுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். இந்த இடைக்குறை கிரேக்க, இலத்தீன் உருபமைப்புக்குத் தோதானது.

இலத்தீனாருக்கும் சறுக்கல் உண்டு. கிரேக்க ஈட்டா பார்ப்பதற்கு இலத்தீன் 'ஹெச்' போலவே இருக்கும். அயோட்டா–ஈட்டா–சிக்மாவை அப்படியே இலத்தீன் படிகளில் எழுதிவந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நடுவெழுத்தை 'ஹெச்' என்று படித்து, பெயரையே ஹெச் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். இன்னும் பிற்பாடு மூன்று எழுத்துக்கும் 'மனிதரின் மீட்பர் இயேசு' என்று இலத்தீனில் ஒரு விரிவும் கட்டிவிட்டார்கள். சேசு சபையின் முத்திரையில் இருப்பது இந்த மூன்றெழுத்துதான். நம்மூர்ச் சேசு சபைக் கோயில்களின் பீடங்களில் பார்க்கலாம். கேட்டால் பலரும் அந்த இலத்தீன் விரிவைத்தான் சொல்வார்கள். அது கிரேக்க இடைக்குறை.

மடல் 7

அப்படியானால் இப்படி வைத்துக்கொள்ளலாமா?

பொதுச்சொல்: திருப்பெயர்க் குறுவடிவம். 'வடிவம்' என்பதால் எழுத்தில் மட்டும் என்பது தெளிவு. நான்காம் மடலின் முதல் தடை நீங்குகிறது. 'திரு' எந்தச் சபைக்கும் தனியுரிமை இல்லை; திருவாசகமும் உண்டு, திருமுகமும் உண்டு. 'குறை' பொதுச்சொல்லில் வராததால் காதுக்கும் உறுத்தல் இல்லை.

உள்வகை: இடைக்குறை வடிவம், கடைக்குறை வடிவம். 46ஆம் படியின் மூன்றெழுத்தை இடைக்குறையிலேயே வைப்போம். நடுவிலிருந்துதான் எழுத்து போயிருக்கிறது, இறுதி எழுத்து நிற்கிறது. நன்னூல் வழக்கிலிருந்து வேறுபாடு காட்ட முதல் முறை வரும்போது 'ஒலிப்பில் குறையாது' என்று ஒரு வரி போட்டால் போதும்.

மேலுள்ள கோடு: மேற்கோடு. ஒருமையில் சரி. பன்மையில் 'மேற்கோடுகள்' என்பதை மெய்ப்புப் பார்ப்பவர் 'மேற்கோள்கள்' என்று திருத்திவிடுவார், அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை தேடிப்பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுதாக எழுதிய வடிவத்துக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. 'கிரியோஸ்' சில இடங்களில் 'ஐயா' என்ற பொருளில் சாதாரண மனிதரைக் குறிக்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 8:5இல் 'தேவர்கள் பலர்' என்று பன்மையில் வரும். அங்கெல்லாம் சுருக்குவதா முழுதாக எழுதுவதா என்று படியெடுப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். அதற்கு 'நிறைவடிவம்' என்று சொல்லலாம்.

மடல் 8

ஒப்புக்கொள்கிறேன். மேற்கோட்டுப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; கோட்டுக்கு மட்டும் இடம் கிடைத்ததே போதும்.

ஒன்று விட்டுப்போயிற்று. 66, 75ஆம் எண் பாப்பிரஸ்களில் 'சிலுவை' என்ற சொல்லைச் சுருக்கும்போது டௌ எழுத்தின் மேல் ரோ எழுத்தை ஏற்றி ஒரே உருவாக எழுதியிருக்கிறார்கள். குறுக்குக்கட்டையும், மேலே தலை போன்ற வளைவும். தொங்கும் ஆளைப் போலவே தெரியும். கி.பி. 200ஐ ஒட்டியவை என்று பொதுவாகக் கணிக்கப்படும் படிகள். 'ஸ்டவ்ரோகிராம்' என்கிறார்கள். இரண்டு எழுத்து சேர்ந்து ஓருருவாவதற்குத் தமிழில் கூட்டெழுத்து என்ற சொல் தயாராக இருக்கிறது. 'சிலுவைக் கூட்டெழுத்து' என்று போட்டால்?

மடல் 9

சிலுவைக் கூட்டெழுத்து பொருத்தம். ஒரு எச்சரிக்கை மட்டும்: கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளான 'கை' (Χ), 'ரோ' (Ρ) இரண்டையும் பின்னி எழுதும் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்னம் வேறு. அதற்குக் 'கிறிஸ்துக் கூட்டெழுத்து'. இரண்டையும் ஒரே பதிவில் போட வேண்டாம். படத்தோடு தனித்தனிப் பதிவாக இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் ஆறு சொல்லையும் இன்று இரவு ஏற்றிவிடுகிறேன்: திருப்பெயர்க் குறுவடிவம், இடைக்குறை வடிவம், கடைக்குறை வடிவம், நிறைவடிவம், மேற்கோடு, சிலுவைக் கூட்டெழுத்து. கிறிஸ்துக் கூட்டெழுத்துக்குப் படம் கிடைத்ததும் ஏழாவது.